முகத்துவாரம் வெட்டும் நாளுக்கு முன்னால்

ஒவ்வோர் ஆண்டும் மாரி மழை இறுகிப் பெய்யத் தொடங்கியதும் மட்டக்களப்பில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான் இருக்கும்: “முகத்துவாரம் எப்ப வெட்டுறாங்களாம்?” மணல் மூடிய வாவியின் வாயை வெட்டிக் கடலோடு சேர்ப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். பஸ்ஸிலும் சந்தையிலும் பாடசாலையின் ஆசிரியர் அறையிலும் இந்தக் கேள்வியை நான் ஆண்டுதோறும் கேட்டு வருகிறேன். கேட்பவர் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் செய்பவராக இருந்தால் அந்தக் குரலில் அவசரம் இருக்கும். வாவியில் வலை வீசுபவராக இருந்தால் கலக்கம் இருக்கும். ஒரே நீரை நம்பி வாழும் இரு சாரார் ஒரே நாளை எண்ணி இப்படி எதிரெதிராகத் தவிப்பது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

நான் பிறந்தது படுவான்கரையில், ஒரு சிறு குளத்தையும் அதன் கீழே நாற்பது ஏக்கர் அளவிலான வயல் வட்டையையும் நம்பியிருக்கும் ஊரில். அப்பா அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் வட்டவிதானையாக இருந்தவர். குளத்தின் மதகான துருசைத் திறப்பதும் மூடுவதும், முறை வைத்துத் தண்ணீர் பங்கிடுவதும், போகத்துக்கு முன் வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் திரட்டுவதும் அவருடைய பொறுப்புகள். திருமணத்தின் பின் நான் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வந்து, கல்லடியில் குடியிருந்து, பாடசாலையில் புவியியல் கற்பிக்கிறேன். எங்கள் அயல்வீட்டில் இருப்பவர், சிறு வயதிலேயே தந்தையோடு தோணியில் ஏறி வாவிக்குப் போன முதிய மீனவர். நாங்கள் எல்லோரும் அவரை மாமா என்றே அழைப்போம். அவருக்கு வாவி என்பது ‘ஆறு’தான். மட்டக்களப்பார் பலருக்கும் அப்படித்தான். வாவியில் பிடித்த மீனைச் சந்தையில் நாங்கள் ‘ஆற்றுமீன்’ என்று சொல்லியே வாங்குகிறோம். வாவியை ஆறு என்று அழைத்த நம் முன்னோர், அது தேங்கி நிற்கும் நீரல்ல, எங்கிருந்தோ வந்து எங்கோ போகும் நீர் என்பதை அறிந்தே அப்படி அழைத்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

முகத்துவாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி, நகருக்கு அருகே பாலமீன்மடுப் பக்கத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு சேர்கிறது. கச்சான் காற்று வீசும் கோடை மாதங்களில் மேலிருந்து வரும் நீர் மெலிந்துவிடுகிறது. அலைகள் கொண்டுவந்து போடும் மணலைத் தள்ளிவிடும் வலு அந்த நீருக்கு இருப்பதில்லை. ஆகவே வாயில் மணல் திட்டு எழுந்து, வாவி ஒரு மூடிய ஏரியைப்போல ஆகிவிடுகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான காலத்தில்தான் இங்கே பெய்கிறது. அப்போது குளங்கள் நிரம்பி வான் பாய, வாவியின் மட்டம் உயர்ந்து, கரையோரத் தாழ்நில வயல்களுக்குள் நீர் ஏறுகிறது. விதைத்துச் சில வாரங்களேயான நெற்பயிர் தொடர்ந்து பல நாட்கள் நீருக்குள் மூழ்கிக் கிடந்தால் அழுகிப் போகும். விவசாயி முகத்துவாரத்தை உடனே வெட்டச் சொல்வது அதனால்தான்.

மீனவரின் கணக்கு வேறு. கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் திறந்த வாயினூடாக உள்ளே வந்து, உவர்நீரில் நிற்கும் கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே வளர்ந்து, பின்னர் கடலுக்குத் திரும்புகின்றன. கொடுவா, ஓரா, மணலை ஆகிய மீன்களும் நண்டும் இந்த நன்னீர், உவர்நீர் கலப்பை நம்பியே பெருகுகின்றன. வாவி போதிய அளவு நிரம்பும் முன்பே வாயை வெட்டினால், உள்ளிருக்கும் நீருக்கு மணலை அரித்துப் பாதையை அகலப்படுத்தும் வேகம் இருக்காது. கடல் அதைச் சில நாட்களிலேயே மூடிவிடவும் கூடும். போகும் நீரோடு குஞ்சும் குருமனும் போய்விடும்; பின்னர் உப்புநீர் ஏறி, வாவியை ஒட்டிய வயல்களையே தாக்குவதும் உண்டு. பெக்கோ இயந்திரம் வெட்டுவது ஒடுக்கமான ஒரு வாய்க்காலை மட்டும்தான். மிகுதி வேலையை நீர்தான் செய்கிறது. நீருக்கு அந்த வலு எப்போது வரும் என்பதைப் பார்த்தறியும் கண் மாமாவுக்கு உண்டு.

2011ஆம் ஆண்டு ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வெள்ளம் வந்தபோது அப்பா எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஊரில் வட்டை முழுவதும் நீருக்குள் இருந்தது. ஒரு மாலை விறாந்தையில் அவருக்கும் மாமாவுக்கும் இடையே முகத்துவாரத்தைப் பற்றிய வாக்குவாதம் எழுந்தது. இருவரும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் இருவரும் விட்டுக்கொடுக்கவுமில்லை. நெடுநேரம் பேசிய பின் மாமா கேட்டார்: “அண்ணன், முந்தியெல்லாம் உங்கட பக்கத்துத் தண்ணி மூணு நாலு நாளாக் கொஞ்சங் கொஞ்சமா வரும். இப்ப ஒரு ராவையில வந்து விழுகுது, அதுவும் செம்மண் நிறத்துல. மேல என்னதான் நடக்குது?” அப்பா விடை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவுமில்லை. தண்ணீர் வற்றியதும் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு குளத்துக்கு மேலே, நீர் வரும் வழியில் நடக்கத் தொடங்கினார்.

அந்த நடையில்தான் நீரேந்து பரப்பு என்ற சொல்லை நான் முதன்முதலாகக் காலால் கற்றேன். பாடநூலில் அது ஒரு படம். ஒரு கோட்டுக்கு உள்ளே விழும் மழை முழுவதும் ஒரே வடிகாலை நோக்கி வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தேன். அங்கே நான் பார்த்தது வெட்டவெளி. 1978 நவம்பர் 23ஆம் திகதிய சூறாவளி பெருமரங்களைச் சாய்த்தது என்று அப்பா சொன்னார். போர்க்காலத்தில் காட்டோரங்கள் வெளியாக்கப்பட்டன. மக்கள் மீளக்குடியேறிய பின் விறகுக்கும் சேனைக்குமாக மேலும் கொஞ்சம் போனது. கடைசியாக, வீதிகளுக்கும் வீட்டு அத்திவாரங்களுக்கும் கிறவல் எனும் சரளை மண் தோண்டிய குழிகள். மரமும் சருகும் இருந்த இடத்தில் மழை முதலில் இலையில் விழுந்து, பிறகு சருகில் ஊறி, பிறகு மண்ணுக்குள் இறங்கி, நாட்கணக்கில் கசிந்து குளத்துக்கு வந்தது. இப்போது துளி நேரே வெறுமண்ணில் அறைந்து, மண்ணையும் வாரிக்கொண்டு சில மணி நேரத்தில் வந்து சேர்கிறது. அந்த மண் குளத்தின் அடியில் படிகிறது. குளம் ஆழம் குறைகிறது. ஆழம் குறைந்த குளம் முன்னதாகவே வான் பாய்கிறது. அது வாவியை ஒரே இரவில் உயர்த்துகிறது. கோடையிலோ அதே குளத்தில் இடைப்பயிருக்குத் தண்ணீர் இல்லை. மாமாவின் கேள்விக்கு விடை இதுவே.

ஒரு சிறு குளம் வாவியை உயர்த்திவிடுமா என்று கேட்கலாம். ஒன்றால் முடியாது. ஆனால் படுவான்கரையில் இப்படிப்பட்ட சிறு குளங்கள் பலவுண்டு. அவற்றுக்கு மேல் உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற பெருங்குளங்கள். தெற்கே பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா. 1949இல் தொடங்கிய திட்டத்தில் இங்கினியாகலையில் அந்த ஆற்றை மறித்து நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரம் அமைக்கப்பட்டதன் பின், அம்பாறை மாவட்ட வயல்களின் வடிநீர் நாவிதன்வெளி, கிட்டங்கிப் பக்கமாக எங்கள் வாவியின் தென்முனைக்கு வந்து சேர்கிறது. மட்டக்களப்பு நகரத்தார் குடிக்கும் குழாய்நீரும் உன்னிச்சையிலிருந்து எடுத்து வவுணதீவில் சுத்திகரிக்கப்படுவதுதான். ஆகவே மேலே ஒரு கிறவல் குழி தோண்டப்படுவது கீழே யாருக்கும் தொடர்பில்லாத செய்தி என்று சொல்ல இங்கே ஒருவராலும் முடியாது.

ஊரில் நாங்கள் தொடங்கிய வேலை மிகச் சிறியது. குளத்துக்கு நீர் வந்து சேரும் இரண்டு ஓடைகளின் வாயிலும் மருதங் கன்றுகள் நட்டோம். அவற்றுக்கு மேலே ஆறேழு முழ அகலத்துக்குப் புல்லை உழாமலும் எரிக்காமலும் விட்டோம். ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானத்துக்குக் கோயில் நிருவாகத்தாரும் விவசாயச் சங்கத்தாரும் என் பழைய மாணவர்களும் வந்தார்கள். முதல் நாளே ஒரு பிணக்கு. யாரோ அன்பாக அனுப்பிய தேக்கங்கன்றுகளைக் குளக்கட்டின் மேல் வரிசையாக நடலாம், பார்க்க அழகாக இருக்கும் என்று இளைஞர்கள் விரும்பினார்கள். அப்பா உறுதியாக மறுத்துவிட்டார். கட்டின் மேல் பெருமரம் நின்றால் அதன் வேர் மண்ணுக்குள் வழி போடும், மரம் பட்டுப்போனால் அந்த வேர்த் தடமே நீர் கசியும் குழாயாகும், காற்றில் சாய்ந்தால் கட்டையும் பெயர்த்துக்கொண்டு விழும், கட்டுக்குப் புல்தான் போர்வை என்றார். மரத்துக்கான இடம் நீர் வரும் பக்கம். வட்டவிதானையாக இருந்த ஒருவரின் அந்த அறிவு எந்தக் கையேட்டிலும் எனக்குக் கிடைத்திருக்காது.

அடுத்த பாடத்தைக் கற்பித்தவர்கள் பன் என்ற சதுப்புப் புல்லால் பாய் இழைக்கும் பெண்கள். குளத்தின் அலைகரையை ஒட்டிப் பன் அடர்ந்து நின்ற சதுப்பு ஒன்று முன்பு இருந்தது. என் அம்மம்மா அங்கே பன் அறுத்தவர். வேரை அசைக்காமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அறுக்க வேண்டும் என்பார். சில ஆண்டுகளுக்கு முன், குளப் புனரமைப்பு என்ற பெயரில் வந்த இயந்திரம் ஒன்று அந்தச் சதுப்பைப் புதர் என்று கருதி ஒரே நாளில் வழித்தெடுத்துவிட்டது. ஊரில் எவரிடமும் கேட்கவில்லை. பெண்களிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் வரவில்லை. அந்த மாரியில் ஓடை கொண்டுவந்த மண், தடுத்து நிறுத்தப் பன் இல்லாமல், நேரே துருசின் வாய்வரை வந்து படிந்தது. பாய் இழைத்த ஆறு குடும்பங்கள் பிற ஊர்களில் காசு கொடுத்துப் பன் வாங்க நேர்ந்தது. நான் மிகவும் மனம் நொந்த நாட்கள் அவை. பின்னர் அந்தப் பெண்களே வேறோர் ஊரில் வில் எனப்படும் நீர்நிலையிலிருந்து பன் கிழங்குகளைக் கொண்டுவந்து நட்டார்கள். இப்போது அறுக்கும் முறையையும் காலத்தையும் அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். அந்தப் பகுதிக்குள் மாடு இறங்காமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள்தான். ஒரு வளத்தால் நாள்தோறும் பயன்பெறும் கையிடமே அதன் காவலை ஒப்படைப்பது எவ்வளவு சரியானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வாவிக் கரையில் நாங்கள் இவ்வளவு கவனமாக இருக்கவில்லை. பாடசாலைப் பிள்ளைகள் எண்பது பேரோடு கண்டல் நடப் போனோம். பதாகை இருந்தது, படம் எடுத்தோம், நீரோரத்தில் வெறுமையாகக் கிடந்த சேற்றில் நீண்ட விதைக் குருத்துகளை வரிசையாகக் குத்தினோம். ஆறு மாதத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாமாவிடம் சொன்னபோது, அந்த இடத்தில் மாரிக்குப் பின் மாதக்கணக்கில் கழுத்தளவு நீர் நிற்கும், முன்பும் அங்கே கண்டல் நின்றதில்லை என்றார். கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார். எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் நடந்த கண்டல் நடுகைகளில் 23 இடங்களைப் பரிசோதித்து 2017இல் வெளியான ஆய்வு, அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூடத் தப்பவில்லை என்று கண்டது. பொருந்தாத இடத்தில் நட்டதும் நட்ட பின் பார்க்காமல் விட்டதும் முதன்மையான காரணங்கள். கண்டல் மீட்புக்காக 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரி முயற்சிகளுள் ஒன்றாக இலங்கையைத் தெரிவுசெய்ததற்குப் பின்னால், நட்டுவிட்டுப் போகும் பழக்கத்தை விட்டு நிலத்தை அறிந்து செய்யத் தொடங்கிய மாற்றமும் இருக்கிறது. நாங்கள் இப்போது அதிகம் நடுவதில்லை. முன்பு கண்டல் நின்று அழிந்த இடத்துக்கு நீர் போய்வரும் சிறு வாய்க்கால்களை அடைப்பு நீக்கிவிடுகிறோம். அங்கே கிண்ணை, தில்லை ஆகிய கண்டல் மரங்கள் தாமாகவே முளைத்து வருகின்றன. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பெரும் வேதனை தரும் என்பதால் பிள்ளைகளை அதனருகே விடுவதில்லை.

ஆற்றுவாழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊதாப்பூவின் அழகுக்காக 1905இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அந்தச் செடி நீர்நிலைகளை மூடிக்கொள்ளவே, 1909இல் அதை ஒழிப்பதற்கென்று தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நூற்றாண்டு கடந்தும் கிட்டங்கியிலும் மாவடிப்பள்ளியிலும் அது பாலத்துக் கண்களை அடைத்து வெள்ளத்தை மறிக்கிறது. நீர் குறைந்த காலத்தில் வாரிக் கரையேற்றி, தொலைவில் உலரப்போட்டு, பசளையாக்குவது பயன் தரும். ஆனால் அதற்கு உணவூட்டும் பசளைச் சத்தும் கழிவுநீரும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்வரை வாரிய இடம் மீண்டும் மூடிக்கொள்ளும்.

இதில் விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பேச்சை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்ட இடைவெளிக்குள், எங்கள் ஊரில் வயல் செய்தவர்கள் பட்ட பாட்டை நேரில் கண்டவள் நான். மண் மீதான அக்கறையைக் கட்டளையால் ஓரிரவில் விதைக்க முடியாது. எங்கள் வட்டையில் செய்வது இவ்வளவுதான்: யூரியா எறிந்த பின் சில நாட்களுக்கு வரப்பில் நீர் வடியும் வாயான வக்கடையை அடைத்து வைப்பது, மழைக்கோலம் இருக்கும் நாளில் எறியாமல் பொறுப்பது, வடிவாய்க்கால் ஓரத்துப் புல்லுக்கு மருந்து அடிக்காமல் விடுவது. இவை எதற்கும் பணம் வேண்டாம். விலையேறிய பசளையும் வீணாகாது என்பதால் விவசாயிகள் விரும்பியே செய்கிறார்கள்.

ஆற்றுமணல் அகழ்வு இதைவிடக் கடினமானது. முந்தனை ஆறு உள்ளிட்ட எங்கள் ஆறுகளின் மணல் கட்டடங்களுக்காக ஏற்றப்படுகிறது. படுகை தாழ்ந்தால் கரை இடிகிறது, கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்குகிறது. அனுமதி எவ்வளவு, அள்ளுவது எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்க ஊராருக்கு உரிமையும் பாதுகாப்பும் வேண்டும். அது எங்கள் போன்ற சிறு குழுவின் கைக்கு எட்டாத வேலை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் கைக்கு எட்டியது ஒரு கொப்பி. குளத்தடிப் பாடசாலையில் பிள்ளைகள் மழைமானி ஒன்றை வைத்து, காலை எட்டரை மணிக்கு அளவெடுத்துக் குறிக்கிறார்கள். துருசுக் கல்லில் அப்பா அடித்த வண்ணக் கோடுகளைப் பார்த்து நீர்மட்டத்தை எழுதுகிறார்கள். கல்லடியில் மாமாவும் அவருடைய கூட்டாளிகளும் இறங்குதுறைக் கட்டையில் வாவியின் மட்டத்தைக் குறிக்கிறார்கள். இரண்டும் வட்ஸ்அப்பில் ஒரே குழுவுக்கு வருகின்றன. மேலே குளம் வான் பாயத் தொடங்கியதும் கீழே இருப்பவர்களுக்குச் செய்தி கிடைப்பதால், வலைகளையும் கூடுகளையும் எடுத்துவிட அவகாசம் இருக்கிறது. வாவி எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது வயற்காரருக்கும் தெரிவதால், வெட்டு வெட்டு என்ற அவசரமும் சற்றுத் தணிந்திருக்கிறது. எண்ணைக் காட்டிப் பேசும்போது குரல் தானாகவே இறங்குகிறது.

எங்கள் பக்கத்தில் மழை பொய்த்த காலங்களில் கண்ணகியம்மனை வேண்டிக் கொம்பு விளையாட்டு நடத்துவார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து வளைந்த கொம்புகளைக் கோத்து இழுக்கும். ஒருவரை ஒருவர் வசையும் பாடும். ஆனால் இரு சேரியும் வேண்டிக்கொள்வது ஒரே மழையை. மாமாவும் அப்பாவும் அன்று விறாந்தையில் இழுபட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விளையாட்டுத்தான் நினைவுக்கு வருகிறது.

அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகளாகின்றன. அவர் நட்ட மருதங் கன்றுகளில் பதினொன்று என் உயரத்தைத் தாண்டிவிட்டன. பெரும்போகப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் வழக்கமாக வயற்காரரும் உத்தியோகத்தரும் மட்டும் கூடி, நீர் திறக்கும் திகதியையும் விதைப்புத் திகதியையும் முடிவு செய்யும் கூட்டம். விதைப்பு எந்த வாரம் என்பது, பயிர் எந்த வயதில் இருக்கையில் வெள்ளம் வரும் என்பதையும், அதனால் முகத்துவாரத்தை எப்போது வெட்டச் சொல்வார்கள் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. ஆகவே இந்த முறை வாவி மீனவர்களில் இரண்டு பேர் அதில் அமர்ந்து பேச இடம் தர வேண்டும் என்று விவசாயச் சங்கத்திடம் கேட்டோம். நெடுநேரம் யோசித்து, பின் ஒப்புக்கொண்டார்கள்.

நேற்று மாலை மாமா வேலியடியில் நின்று, “அந்தக் கூட்டத்துக்கு எந்த பஸ்ஸில வாறது புள்ள?” என்று கேட்டார். அவர் கடைசியாகப் படுவான்கரைக்குப் போனது மண்முனைத் துறையில் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறி. 2014இல் திறந்த பாலத்தில் அவர் இன்னும் போனதில்லை. காலை ஆறரை மணி பஸ்ஸில் நானும் கூடவே வருகிறேன் என்று சொன்னேன். இறங்குதுறைக் கட்டையில் குறித்த கொப்பியை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.